நகத்துக்கு 18,500 ரூபாய் தண்டம் அழுதேன், நீங்களாவது உஷாரா இருங்க

கோபத்துல எழுதறேன், பிழை இருந்தா பொறுத்துக்கோங்க.

வலது கால் பெருவிரல் நகம் சதைக்குள்ள குத்திச் சீழ் வெச்சுடுச்சு. நகச்சுத்தின்னு நினைச்சு எலுமிச்சம்பழத்துல விரலைச் சொருகிக்கிட்டுத் திரிஞ்சேன். அப்பதான் போன்ல விளம்பரம்: "கத்தி இல்ல, ஊசி இல்ல, சொட்டு மருந்துதான், நகம் ஜென்மத்துக்கும் குத்தாது." வேளச்சேரி பக்கம் ஒரு ஸ்கின் கிளினிக். பேர் போடல, வக்கீல் நோட்டீஸ் வாங்கத் தெம்பில்ல.

ஏசி, காபி, காலுக்குத் தலகாணி. கோட்டு போட்ட பொண்ணு, "எங்கப்பாவுக்கும் நான்தான்ணா பண்ணேன்"னு சொல்லுச்சு. அங்கதான் விழுந்தேன். ஜிபேல முழுசா 18,500. லேபிள் இல்லாத பிரவுன் பாட்டில், மேல பிளாஸ்திரி ஒட்டி பேனாவுல ஏதோ கிறுக்கல். குச்சியில பஞ்சு சுத்தி நக ஓரம் பூரா தடவினாங்க. பினாயில் மாதிரி வாடை. வலிக்கவே இல்ல, விரல் மரத்துப்போச்சு. ஆஹா கைராசின்னு அங்கேயே உட்கார்ந்து அஞ்சு ஸ்டார் வேற போட்டேன்.

ராத்திரி 11 மணிக்கு ஆரம்பிச்சது எரிச்சல். விடிஞ்சு பாத்தா சதை வெள்ளையா வெந்து கிடக்கு.

போன் பண்ணா "நார்மல்தான் சார்." அண்ணா போய் சார் வந்தாச்சு. மூணாம் நாள், "ஷூ போட்டீங்களா சார்?" செருப்பே நுழையல! நொண்டிக்கிட்டு நேர்ல போனா டாக்டர் கான்ஃபரன்ஸ்ல இருக்காராம். எந்த டாக்டர்? நான் பாக்கவே இல்லையே. நகம் திரும்ப அதே இடத்துல குத்துதுன்னா, "ரெண்டாவது சிட்டிங், 12,000." என் 18,500? "பேக்கேஜுக்கு ரீஃபண்ட் கிடையாது."

கடைசியில அரசு ஆஸ்பத்திரி தோல் ஓபி. அங்க இருந்த டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "சுகர் இருக்கா?" ஆறு வருஷமா இருக்கு. 18,500 வாங்கினவங்க கேக்கவே இல்ல. ஃபீனால்ங்கற ரசாயனத்தை வெச்சு நக வேரைச் சுடற வைத்தியம் நிஜம்தானாம். ஆனா விரலடியில ஊசி போட்டு, ரத்தம் வராம கட்டி, குத்தற ஓரத்தை மட்டும் வெட்டி எடுத்துட்டு, வேர்ல வைக்கணுமாம். ரத்தம் கலந்தா மருந்து நீர்த்துடும். "இவங்க நகத்தையே எடுக்கல, தோலை வேக வெச்சிருக்காங்க. பாட்டில்ல என்ன இருந்துச்சோ"ன்னாங்க. அது ஃபீனாலா இருந்தா, மரத்துப்போனதும் அதோட குணமாம், கைராசி இல்ல.

பத்து டிப்ஸ் எழுதலாம்னு உட்கார்ந்தேன், டிரெஸ்ஸிங்குக்கு நேரமாச்சு. டாக்டரைக் கண்ணால பாக்காம காலை நீட்டாதீங்க. சுகர் கேக்காத இடத்துல எழுந்து வந்துடுங்க. பில் வாங்குங்க, என்கிட்ட ஸ்கிரீன்ஷாட்தான் இருக்கு.

போட்ட அஞ்சு ஸ்டாரை எப்படி அழிக்கறதுன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.