ஆறு வயதுக் கடைவாய்ப்பல்: சீலண்டா, வார்னிஷா?

என் மகளுக்கு ஏழு வயதில் நான்கு கடைவாய்ப்பற்களுக்கும் சீலண்ட் போட்டோம், அதாவது சொத்தை விழாதபடி பல்லின் மேற்பரப்புப் பள்ளங்களை மூடும் பூச்சு. ஒன்பது வயதில் கீழ்த்தாடையின் இடப்பக்கப் பல்லில் சொத்தை விழுந்தது. வேறொரு மருத்துவர் படம் எடுத்துத் திரையில் பெரிதாக்கிக் காட்டினார். பல்லின் முன்பாதியில் வெள்ளைப் பூச்சு அப்படியே இருந்தது. பின்பாதியில் அது பெயர்ந்து போய், அந்தப் பள்ளத்தில் பழுப்புக் கோடு ஓடியிருந்தது. "போடும்போது பின்பக்கத்தை ஈறு மூடியிருக்கும். ஈரத்தில் பிடித்திருக்காது" என்றார். இடைப்பட்ட இரண்டு வருடத்தில் சீலண்ட் போட்ட மருந்தகத்தில் யாரும் மறுபடி வந்து காட்டச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. போட்டாயிற்று என்று நிம்மதியாக இருந்துவிட்டேன்.

இப்போது மகன் தொடக்கநிலை ஒன்றில் இருக்கிறான். அதே பற்கள், அதே கேள்வி. இந்த முறை ஆய்வுகளைத் தேடிப் படித்துவிட்டுத்தான் முடிவெடுத்தேன். கீழ்வீட்டுத் தங்கையும் "அக்கா, எதைத்தான் போடுறது?" என்று லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறாள். அவளுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். ஆறு வயதையொட்டி முளைக்கும் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல், எந்தப் பால்பல்லும் விழாமல், எல்லாப் பற்களுக்கும் பின்னால் ஓசைப்படாமல் வருகிறது. அதனால் நம்மில் பலர் அதையும் பால்பல் என்றே நினைத்து, "விழுந்து முளைக்கிற பல்தானே" என்று விட்டுவிடுகிறோம். அது விழாது. ஆயுள் முழுக்க அதுதான்.

அதன் மேற்பரப்பில் இயல்பாகவே உள்ள வெடிப்பு போன்ற பள்ளங்கள் பல இடங்களில் பிரஷ்ஷின் முடியே நுழைய முடியாத அளவு ஒடுக்கமானவை. பிள்ளை எவ்வளவு நன்றாகத் துலக்கினாலும் அடிவரை போகாது. சிங்கப்பூரில் 1950களின் பிற்பகுதியிலிருந்தே குழாய்த் தண்ணீரில் ஃபுளோரைடு சேர்க்கிறார்கள். அது பல்லின் வழவழப்பான பக்கங்களை நன்றாகக் காக்கிறது, வெடிப்புகளை அந்த அளவுக்குக் காப்பதில்லை. ஆகவே இங்கு வளரும் பிள்ளைகளுக்கு மிஞ்சி நிற்கும் ஆபத்தில் பெரும்பங்கு இந்தப் பள்ளங்களில்தான்.

சீலண்டில் முக்கியமான வகை, பிளாஸ்டிக் போல இறுகும் ரெசினால் ஆனது. இந்த ரெசின் சீலண்டின் வேர் 1955இல் இருக்கிறது. மைக்கேல் புவனகோர் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர், பாஸ்பாரிக் அமிலத்தைப் பல்லில் அரை நிமிடம் வைத்தால் எனாமல் என்ற வெளிப்படலம் சொரசொரப்பாகி, அதன்மேல் ரெசின் இறுகப் பிடிக்கிறது என்று காட்டினார். இன்றும் அடிப்படை அதேதான். மகனுக்கு ஒரு பல்லில் போட்டபோது பக்கத்தில் நின்று பார்த்தேன். கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவே பஞ்சுச் சுருள், எச்சில் உறிஞ்சும் குழாய், பிறகு நீல நிறக் கூழ். கழுவிக் காற்றடித்து உலர்த்தியதும் அந்தப் பரப்பு மட்டும் சுண்ணாம்பு போல வெளிறியது. அந்த வெண்மை தெரிந்தால்தான் அடுத்த கட்டம். அந்த நேரத்தில் பிள்ளை நாக்கைத் துழாவி எச்சில் பட்டுவிட்டால், மறுபடி கூழ், மறுபடி கழுவல். என் மகன் ஒரு தடவை விழுங்கினான், எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தார்கள். அவ்வளவு பொறுமையாகச் செய்தவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்தது.

ஒழுங்காகப் பிடித்துவிட்டால் பலன் பெரிது. பல மருத்துவ ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2017இல் வெளியிட்ட தொகுப்பாய்வின் கணக்கு இது: சீலண்ட் போடாத 100 பற்பரப்புகளில் இரண்டு ஆண்டில் 40 சொத்தையாகும் என்று வைத்துக்கொண்டால், ரெசின் சீலண்ட் போட்டவற்றில் சுமார் 6 மட்டுமே சொத்தையாகும். 1991இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, ஒரே ஒருமுறை போட்ட சீலண்டைப் 15 ஆண்டுகள் கழித்துப் பார்த்தது. முழுதாக நின்றது கால் பங்குக்குச் சற்று மேல்தான். ஆனாலும் சீலண்ட் போட்ட பரப்புகளில் சொத்தையானதும் அடைத்ததுமாக 31 சதவீதம், போடாதவற்றில் 83 சதவீதம்.

கிளாஸ் அயனோமர் என்பது இன்னொரு வகைச் சீலண்ட், கண்ணாடித் தூள் கலந்த ஒரு பல் சிமென்ட். ஈரத்தைப் பொறுத்துக்கொள்ளும், ஃபுளோரைடையும் கசியவிடும். விரலால் அழுத்திப் பதித்துவிடலாம். பாதி முளைத்த பல்லுக்கும், வாயைத் திறந்து வைக்க மறுக்கும் பிள்ளைக்கும் இது ஒரு வழி. ஆனால் ரெசின் அளவுக்கு நிலைத்து நிற்காது, சீக்கிரம் பெயரும். சொத்தையைத் தடுப்பதில் ரெசினைவிட இது மேலா கீழா என்று அதே காக்ரேன் ஆய்வால் முடிவுகட்ட முடியவில்லை. என் கணிப்பில் இது இடைக்கால ஏற்பாடு. மகளுக்கு அன்று இதைப் போட்டு, பல் முழுதாக வெளியே வந்ததும் ரெசினுக்கு மாற்றியிருக்க வேண்டும்.

அடுத்தது ஃபுளோரைடு வார்னிஷ், அதாவது ஃபுளோரைடு செறிந்த பூச்சு மருந்து. பல்லைத் துடைத்துச் சின்ன பிரஷ்ஷால் பூசுவது சில நிமிட வேலை, வாயை முழுக்க உலர வைக்க வேண்டியதில்லை. எதைப் போடுவது என்று நான் அதிகம் யோசித்தது இங்கேதான், ஏனென்றால் இரண்டு ஆய்வுகள் எதிரெதிர்த் திசையில் கைகாட்டுகின்றன.

ஒன்று தெற்கு வேல்ஸில் நடந்தது, 2017இல் வெளியானது. ஆறேழு வயதுப் பிள்ளைகள் ஆயிரம் பேருக்கு மேல். ஒரு பாதிக்குச் சீலண்ட், மறுபாதிக்கு வார்னிஷ். இரு தரப்பையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்தார்கள்: சீலண்ட் பெயர்ந்திருந்தால் மறுபடி போட்டார்கள், வார்னிஷை மறுபடி பூசினார்கள். மூன்று ஆண்டு முடிவில், முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல் ஒன்றிலாவது எனாமலைத் தாண்டிய சொத்தை உள்ளவர்கள் சீலண்ட் தரப்பில் 19.6 சதவீதம், வார்னிஷ் தரப்பில் 17.5 சதவீதம். புள்ளியியல்படி இது பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் அல்ல. செலவோ வார்னிஷுக்குப் பிள்ளைக்குச் சுமார் 68 பவுண்டு குறைவு. இதை மட்டும் படித்தால், எதற்கு இந்தப் பஞ்சும் அமிலமும் என்று தோன்றும்.

மற்றது ஸ்பெயினின் கிரனாடா நகரத்து ஆய்வு. அங்கே சீலண்டும் வார்னிஷும் நான்கு ஆண்டுகள் கொடுத்துவிட்டு நிறுத்தினார்கள். ஆனால் கண்காணிப்பை நிறுத்தவில்லை, தொடக்கத்திலிருந்து ஒன்பது ஆண்டுகள் வரை பின்தொடர்ந்தார்கள். எதுவும் போடாத கடைவாய்ப்பற்களில் 76.7 சதவீதம் மேற்பரப்பில் சொத்தையாகியிருந்தன, வார்னிஷ் பூசியவற்றில் 55.8, சீலண்ட் போட்டவற்றில் 26.6. பூசுவதை நிறுத்தியபின் வார்னிஷால் பலனில்லை. சீலண்ட் பல்லோடு ஒட்டிக்கொண்டு காவல் காத்தது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் யாராவது பிள்ளையின் வாயைப் பார்ப்பார்கள் என்றால் வார்னிஷ் போதும். பார்ப்பது நின்றுபோக வாய்ப்பிருந்தால் சீலண்டே மேல். நம் வீடுகளில் என்ன நடக்கிறது? தொடக்கப்பள்ளியில் பல் மருந்தகமோ நடமாடும் மருந்தகமோ பிள்ளையைத் தேடி வருகிறது. அதை அருமையான வசதி என்று மனமாரச் சொல்வேன். ஆனால் அதை ஆறு மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் நடக்கும் பரிசோதனை என்று நம்பியிருக்க முடியாது. அதற்கு மேல் நாமாக அழைத்துப் போக வேண்டும். விடுமுறையில் ஊருக்குப் போகிறோம், பிறகு தேர்வு வந்துவிடுகிறது, இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டில் "அடுத்த மாசம் பார்த்துக்கலாம்" என்பது ஒரு வருடமாகிவிடுகிறது. என் வீட்டில் அப்படித்தான் ஆயிற்று. வேல்ஸ் ஆய்வு நடந்த ஊர்களின் குழாய்த் தண்ணீரில் ஃபுளோரைடு சேர்ப்பதில்லை என்பதையும் மறக்க வேண்டாம், அந்த எண்களை அப்படியே இங்கே பொருத்திப் பார்க்க முடியாது.

சில்வர் டயமின் ஃபுளோரைடு என்ற, வெள்ளியும் ஃபுளோரைடும் கலந்த திரவ மருந்து பற்றியும் கேட்கிறார்கள். நியூயார்க் பள்ளிகளில் இதையும் கிளாஸ் அயனோமர் சீலண்டையும் ஒப்பிட்டபோது, சொத்தையைத் தடுப்பதில் இது பின்தங்கவில்லை. மருந்தைத் தொட்டு வைத்தால் வேலை முடிந்தது. ஆனால் சொத்தை தொடங்கிய இடம் கறுத்துப்போகும், அது நிரந்தரக் கறை. நல்ல பல்லுக்கு நான் இதைக் கேட்க மாட்டேன். நாற்காலியில் உட்காரவே முடியாத பிள்ளைக்கு மருத்துவர் சொன்னால் மறுக்கவும் மாட்டேன்.

பிளாஸ்டிக் தயாரிப்பில் பயன்படும் பிஸ்பீனால் ஏ என்ற வேதிப்பொருள் சீலண்டில் கலந்திருக்கிறதே என்ற பயம் எனக்கும் இருந்தது. வெளிவருவது மிகச் சிறிய அளவு, அதுவும் போட்ட சற்று நேரத்துக்குத்தான். போட்டதும் மேலே துடைத்து, வாயைக் கொப்பளிக்க வைத்தால் இன்னும் குறையும்.

மகனுக்குச் செய்தது இது. மேலே இரண்டு பற்களும் கீழே வலப்பக்கமும் முழுதாக வெளிவந்திருந்தன, அவற்றுக்கு ரெசின். கீழே இடப்பக்கப் பல்லின் பின்பாதியை இன்னும் ஈறு மூடியிருக்கிறது, அதாவது அக்காவுக்குப் போன அதே பல். அங்கே இப்போதைக்குக் கிளாஸ் அயனோமர். மருத்துவரிடம் மறுபரிசோதனைத் தேதியை அங்கேயே வாங்கிக் கைப்பேசியில் போட்டுவிட்டேன், டிசம்பர் விடுமுறையில் முதல் வாரம். அன்று "எல்லாம் நல்லா இருக்கா?" என்று மொத்தமாகக் கேட்கப் போவதில்லை. ஒவ்வொரு பல்லாகக் கேட்பேன்: சீலண்ட் முழுதாக இருக்கிறதா, ஓரம் பெயர்ந்திருக்கிறதா, ஈறு விலகிவிட்டதா.