சுங்கை சிப்புட் மாடிக்கடை கல்வி ஆலோசனை: ஒரு மணி நேரத்துக்குப் போங்கள், பேக்கேஜ் வேண்டாம்

மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் டவுனில் கடைவீட்டு மாடியில் நடக்கும் கல்வி ஆலோசனை மையத்தைப் பற்றி நிறையப் பேர் வாட்ஸ்அப்பில் கேட்கிறீர்கள், ஒரேயடியாக எழுதிவிடுகிறேன். ஒரு மணி நேரம் பேச 150 வெள்ளி வாங்குகிறார்கள், அது தகும். அப்புறம் நீட்டுகிற பல ஆயிரம் வெள்ளி விண்ணப்ப உதவி பேக்கேஜ் தகாது, குறைந்தபட்சம் என்னைப் போன்ற ஆளுக்கு.

எனக்கு வயது 34, கணக்கியல் பட்டம், தோட்ட ஆபீசில் கிராணி (குமாஸ்தா) வேலை. அமெரிக்காவில் வேறு துறையில் பட்டம் வாங்கியவர்கள் மருத்துவக் கல்லூரி கேட்கிற அறிவியல் பாடங்களை மட்டும் படித்து முடிக்க 'போஸ்ட் பேக்' என்று ஒரு படிப்பு இருக்கிறது. பிரின் மார், கௌச்சர் மாதிரி கல்லூரிகளில் ஏறக்குறைய ஒரு வருடத்தில் முடிகிறது, வயது கூடியவர்களும் சேர்கிறார்கள். அதைத்தான் விசாரிக்கப் போனேன்.

பேசிய அக்காவுக்கு விஷயம் தெரியும். என் வயதை வெள்ளைப் பலகையில் எழுதிக் கூட்ட ஆரம்பித்தார். உயிரியல், பொது வேதியியல், கரிம வேதியியல், இயற்பியல், எல்லாம் லேப்போடு, ஒன்றிலிருந்து இரண்டு வருடம். எம்கேட் என்கிற மருத்துவ நுழைவுத் தேர்வு எழுதி, விண்ணப்பித்துக் காத்திருக்க இன்னொரு வருடம், மருத்துவக் கல்லூரி நான்கு, அப்புறம் ஆஸ்பத்திரியில் சிறப்புப் பயிற்சியான ரெசிடென்சி குறைந்தது மூன்று. ஆக 43 அல்லது 44. பக்கத்திலேயே நம் நாட்டுக் கணக்கு: பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஃபவுண்டேஷன் படிப்பு ஒன்று, எம்பிபிஎஸ் ஐந்து, ஆஸ்பத்திரியில் ஹவுஸ்மேன் பயிற்சி இரண்டு, மொத்தம் 42. ஆனால் அங்கே 44இல் வெளியே வருபவர் ஃபேமிலி மெடிசின் ஸ்பெஷலிஸ்ட், இங்கே 42இல் வருபவர் வெறும் எம்ஓ (சாதாரண மருத்துவ அதிகாரி), ரெண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்காதீங்க என்று அவரே சொன்னார். அந்த நேர்மைக்கே 150 வெள்ளி கொடுக்கலாம்.

என் மலேசிய மார்க் அங்கே எப்படிப் போகும் என்பதையும் தெளிவாகச் சொன்னார். போஸ்ட் பேக்கில் சேர்க்கும்போது அதைப் பார்ப்பார்கள், ஆனால் பிறகு மருத்துவக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பத்தில் வெளிநாட்டு மார்க் சராசரியில் சேராது, அங்கே எடுக்கிற மார்க்தான் கணக்கு.

சரி, குறை. கிரீன் கார்டு இல்லாதவர்களைப் பெரும்பாலான அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் எடுப்பதே இல்லை. எடுக்கிற சிலவற்றிலும் பல வருடக் கட்டணத்தை முன்கூட்டியே வங்கியில் கட்டிக் காட்டச் சொல்லும் இடங்கள் உண்டு, அமெரிக்க அரசாங்கக் கடனும் நமக்குக் கிடைக்காது. போஸ்ட் பேக்கை நல்லபடியாக முடித்துவிட்டு அதற்கப்புறம் போக இடமில்லாமல் நிற்கலாம் என்பதுதானே இதற்கு அர்த்தம்? இது முதலில் வர வேண்டிய பேச்சு. பேக்கேஜ் ஃபாரம் மேசைக்கு வந்த பிறகு, நானாகக் கேட்டதால்தான் வந்தது.

பேக்கேஜில் விண்ணப்பத்துக்கான கட்டுரை எழுதித் தருவதும் அடக்கம், மாதிரிக்கு ஒரு பக்கம் இலவசம். அதை டைப் செய்த தம்பியிடம் என் வேலையைப் பற்றிச் சொன்னேன். செம்பனை (எண்ணெய்ப் பனை) மட்டை விழுந்து தோள் உடைந்தவர், முள் குத்திக் கண் போனவர், இவர்களுக்கெல்லாம் சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி) ஃபாரம் நிரப்புவது நான்தான். அந்தக் காலத்தில் தோட்டத்து டிஸ்பென்சரியில் காயத்துக்குக் கட்டுப் போட ட்ரெஸர் ஒருவராவது இருந்தார், இப்போது காயம் பட்டவரை யாராவது டவுன் வரைக்கும் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். அந்தத் தம்பி இதையெல்லாம் கேட்டுவிட்டு, "இது நெகட்டிவா இருக்கு" என்று அழித்துவிட்டு, சிறு வயது முதலே மக்கள் சேவையில் ஆர்வம் என்று ஆரம்பித்தார். கிளினிக்கல் அனுபவத்துக்கு, அதாவது நோயாளிகளோடு இருந்த அனுபவத்துக்கு, ஆஸ்பத்திரி பக்கமே போகாமல் சான்றிதழ் ஏற்பாடு பண்ணலாம் என்று வேறு சொன்னார். அங்கேயே எழுந்துவிட்டேன். மருத்துவம் படிக்கப் போகிற ஆளுக்குப் பொய்ச் சான்றிதழ் விற்கிற கடையை வேறு எப்படிச் சொல்வது?

போகிறவர்கள் பழைய எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) ஸ்லிப்பையும் எடுத்துக்கொண்டு போங்கள். ஃபவுண்டேஷன் வழியாக இங்கேயே போக உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் எல்லாவற்றிலும் 'B' கிரேடுக்குக் குறையாமல் வேண்டும், அக்கா அதைப் பார்த்துச் சட்டென்று சொல்லிவிடுவார். சனிக்கிழமை பிள்ளைகள் கூட்டம், வேலை நாள் மாலை நல்லது. கிரீன் கார்டு கேள்வியை உட்கார்ந்ததுமே கேளுங்கள், வெள்ளைப் பலகையை அழிப்பதற்குள் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஃபாரத்தில் கையெழுத்து கேட்டால் வீட்டில் படித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லுங்கள், முன்பணம் திரும்பக் கிடைக்காது என்று பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது.