உயிலில் எழுதுவதா, இப்போதே கொடுப்பதா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வொர்த், டொங்காட் வீடுகளில் தாத்தா காலத்துத் தஞ்சாவூர்ப் படங்களும் ரவிவர்மா அச்சுப் படங்களும் இன்னும் தொங்குகின்றன. பிள்ளைகளுக்கு வேண்டாம், விற்கவும் மனமில்லை. அருங்காட்சியகத்துக்குப் போகட்டும் என்று முடிவாகிவிட்டால் வழி மூன்று: உயில், நன்கொடை, நீண்டகாலக் கடன் (படத்தை இரவலாகக் கொடுப்பது).

வரிக் கணக்கில் உயிலுக்குச் சலுகை உண்டு. அங்கீகாரம் பெற்ற பொதுநல அமைப்புக்கு எழுதிவைத்த பொருளின் முழு மதிப்பும் எஸ்டேட் வரிக் (இறந்தவர் சொத்தின் மீதான வரி) கணக்கிலிருந்து கழிகிறது. அந்த வரி 3 கோடி ராண்ட் வரை 20 சதவீதம், அதற்கு மேல் 25. இருக்கும்போதே கொடுத்தால் நன்கொடை வரி கிடையாது. ஆனால் 18ஏ ரசீது (வருமான வரிக் கழிவுக்கான நன்கொடைச் சான்று) கிடைத்தாலும் அதன் சலுகை, வாங்கிய விலை, சந்தை விலை இரண்டில் குறைந்ததை வைத்துத்தான். 1970இல் சில நூறு ராண்டுக்கு வாங்கிய படத்துக்கு இன்றைய விலையைக் காட்ட முடியாது. அதிலும் ஓர் ஆண்டில் வரிக்குரிய வருமானத்தில் 10 சதவீதம்தான் உச்சவரம்பு. மீதி அடுத்த ஆண்டுக்குப் போகும்.

வரி எப்படியிருந்தாலும் என் ஓட்டு நன்கொடைக்கே. காரணம் காகிதம்.

கொடுப்பதை எல்லாம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று எந்த அருங்காட்சியகத்துக்கும் கட்டாயமில்லை. வாங்கும் குழு முதலில் கேட்பது ‘இது எப்படி வந்தது?’ என்றுதான். இந்தியாவின் 1972 தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த கலைப்பொருளைத் தனியார் வெளியே ஏற்றுமதி செய்ய முடியாது. ஆகவே படம் அந்தச் சட்டத்துக்கு முன்பே வந்தது என்று காட்ட வேண்டும். சிக்கல் என்னவென்றால், 1946 முதல் இந்தியா இங்கே வணிகத்தையே நிறுத்தியிருந்தது. அந்தக் காலத்துப் படங்களுக்கு நேரான ரசீது கிடைப்பது அரிது. கல்யாணப் போட்டோவின் பின்னணியில் படம் தெரிவது, பிரேம் போட்ட கடையின் சீட்டு, ஊரிலிருந்து வந்த கடிதம், இவைதான் ஆதாரம். எது எந்தப் பெட்டியில் என்று சொல்ல உரிமையாளர் இருக்க வேண்டும். இறந்தபின் எக்ஸிகியூட்டரிடம் (உயிலை நிறைவேற்றுபவர்) கேட்டால் உதட்டைப் பிதுக்குவார். அவருக்கு மொத்தச் சொத்தில் 3.5 சதவீதம் வரை கட்டணம் உண்டு, படத்தின் மதிப்பும் அந்தக் கணக்கில் சேரும்.

ஒவ்வொரு படத்துக்கும் ஒரு தாள் போதும். பிரேம் நீங்கலாக அளவு, மில்லிமீட்டரில். முன்பக்கம், பின்பக்கம், பக்கவாட்டு வெளிச்சம் என மூன்று போட்டோ. பின்னால் ஒட்டியிருக்கும் பழைய சீட்டை உரிக்கவே கூடாது. புதிதாக எதையும் செலோடேப்பால் ஒட்டவும் கூடாது. தஞ்சாவூர்ப் படமென்றால் கூடுதல் கவனம் வேண்டும்: டர்பன் ஈரத்தில் பலகை உப்பிச் சுருங்க, சுண்ணப்பூச்சு கல் பதித்த இடங்களில் மேலெழும்பும். ஈரத்துணியால் துடைத்தால் பொன்தாளோடு வந்துவிடும். எடுத்துச் செல்லும்போது நிமிர்த்தாமல், முகம் மேலே பார்க்கப் படுக்கவைக்க வேண்டும்.

கொடுக்குமுன் காட்சிக்கூடத்தில் மயங்காமல் சேமிப்பறையைப் பார்க்கக் கேளுங்கள். ஜோகன்னஸ்பர்க் கலைக்கூடம் கட்டடக் கலைஞர் லட்யன்ஸ் வடிவமைத்த பெரிய கட்டடம். அதன் கூரை ஒழுகுவது பல வருடப் பத்திரிகைச் செய்தி. இந்தச் சோதனையை உரிமையாளர் இருக்கும்போதுதான் செய்ய முடியும்.

கடனுக்கும் ஒரு வாசல் உண்டு: நோட்டரி பத்திரத்தில் 30 ஆண்டுக்குக் குறையாமல் அரசுக்கோ நகராட்சிக்கோ கொடுத்து, அந்தக் காலத்துக்குள் உரிமையாளர் இறந்தால் எஸ்டேட் வரி விலக்கு. சிறு சேகரங்களில் இதைச் செய்தவர்களை அதிகம் பார்த்ததில்லை என்பதால் அழுத்திச் சொல்லமாட்டேன். பேரப்பிள்ளைகள் திருப்பிக் கேட்கும் தகராறுக்கு மட்டும் இடமிருக்கிறது.

உயில்தான் என்று இருப்பவர்கள் பெறுபவரின் சட்டப்பெயரை எழுத வேண்டும். டர்பன் கலைக்கூடம் எதெக்வினி நகராட்சியின் பகுதி. வெறும் ‘மியூசியத்துக்கு’ என்றால் மாஸ்டர் அலுவலகத்தில் (இறந்தவர் சொத்தைப் பிரிப்பதை மேற்பார்வையிடும் உயர் நீதிமன்ற அலுவலகம்) கேள்வி வரும். நன்கொடைப் பத்திரத்தில் ‘எப்போதும் காட்சியில் வைக்கவேண்டும்’ என்று கேட்காதீர்கள், மறுத்துவிடுவார்கள். ‘வேண்டாமென்றால் விற்காமல் வேறு பொது அருங்காட்சியகத்துக்கு மாற்றவும்’ என்றால் பேச இடமிருக்கும்.