மஞ்சப் பூச்சா, மின்னுற கண்ணாடியா? வெள்ளை எல்இடிக்கு எது தாங்கும்?

குளச்சல்ல வள்ளம் வச்சிருக்க எங்க மாமா போன மாசம் 50 வாட் ஃப்ளட் லைட் ஒண்ண கொண்டாந்து மேசைல வச்சுட்டு "மக்கா, வாங்கும்போது பாலு மாதிரி எரிஞ்சுது, இப்ப பாரு கெடக்க கெடைய"ன்னாங்க. கழட்டிப் பார்த்தா சிப் மேல இருக்க மஞ்சப் பூச்சு நடுவுல காப்பி கலர்ல கருகிக் கெடக்கு, நகம் பட்டதும் பொடியா உதிருது.

அந்த மஞ்சப் பூச்சுதான் வெளிச்சத்த வெள்ளையாக்குது. சிப் தர்றது 450 நானோமீட்டர் அலைநீள நீலம் மட்டும்தான், அதுல ஒரு பங்க சீரியம் கலந்த யாக் பொடி (யிட்ரியம் அலுமினியம் கார்னெட்) குடிச்சிட்டு மஞ்சளா துப்பும், மிச்ச நீலமும் இந்த மஞ்சளும் சேர்ந்து நம்ம கண்ணுக்கு வெள்ளை. 1996ல கடைக்கு வந்த ஐடியா, இன்னும் அடிச்சுக்க ஆளில்ல. பொடி கெட்டி, அது கலந்திருக்க சிலிக்கோன்தான் (ரப்பர் மாதிரி பிசின்) சொத்தை. வெப்பத்த கடத்துறதுல கண்ணாடி 1ன்னா சிலிக்கோன் 0.2 அளவுதான், அதனால சூடு உள்ளயே தங்கி வேகுது.

அப்ப கண்ணாடியே மின்னட்டுமேன்னு கெளம்புனதுதான் டிஸ்ப்ரோசியம்ங்கற அரிய மண் உலோகம் கலந்த கண்ணாடி. எம்எஸ்சில என் ப்ராஜெக்டே இதான். போரிக் ஆசிட் (கேரம் போர்டுல தூவுவோமே அதே பவுடர்தான்), கூட கொஞ்சம் கார்பனேட், சிட்டிகை டிஸ்ப்ரோசியம் ஆக்சைடு, எல்லாத்தையும் அரைச்சு 1000 டிகிரி பக்கத்துல உருக்கி பித்தளை தட்டுல ஊத்தி இன்னொரு தட்டால அமுக்கணும். மொத தடவ மெதுவா ஆற வைக்காம அவசரப்பட்டு கையில எடுத்தேன், டிக்குன்னு ரெண்டா போச்சு. ஒழுங்கா வந்த துண்டுல 365 நானோமீட்டர் யூவி (புற ஊதா) டார்ச் அடிச்சா, அடடா, முழுத் துண்டும் இளமஞ்ச கலந்த வெள்ளையா மின்னும். ஒரே டிஸ்ப்ரோசியம் அயனி 480ல நீலமும் 575ல மஞ்சளும் சேர்த்து விடுது, அந்த மஞ்சளோட பலம் சுத்தி இருக்க கண்ணாடியப் பொறுத்து மாறும், அதனால கலவைய மாத்துனா வெள்ளையோட சாயல மாத்தலாம். பூச்சு வேணாம், பிசின் வேணாம்.

பாக்க அழகு, பல்புக்கு உதவாது. டிஸ்ப்ரோசியம் வெளிச்சத்த குடிக்கிறதே ரொம்ப கம்மி, நீல சிப் மேல வச்சா நீலம் பாட்டுக்கு தாண்டிப் போயிரும். சரி நெறைய போடுவோம்னா பெரும்பாலான கலவைல 1 சதவீதம் தாண்டுறதுக்குள்ள அயனிக ஒண்ணுக்கொண்ணு சக்திய கைமாத்தி அணைஞ்சிரும். போரிக் ஆசிட்டுக்கு பதிலா வேற கண்ணாடிக்கு போனா, பாஸ்பேட் கண்ணாடி பலதும் ஈரத்த இழுக்கும், நம்ம ஊரு ஜூன் மழைக்கு சொல்லவே வேணாம். டெல்லூரைட் கண்ணாடி (டெல்லூரியம் ஆக்சைடுல செய்யறது) லேசா உருகும், விலைதான் உருக்கிரும்.

இன்னொண்ணு, நம்ம மணவாளக்குறிச்சி கடற்கரை மணல்ல இருக்க மோனசைட்டுங்கற தாதுல சீரியம் கொட்டிக் கெடக்கு, டிஸ்ப்ரோசியம் பேருக்குதான். 1909ல ஷோம்பர்க்ங்கற ஜெர்மன்காரரு கயித்துல ஒட்டியிருந்த நம்ம மணல்ல மோனசைட்ட கண்டுபிடிச்சதும் காஸ் விளக்கு மேண்டிலுக்காகத்தான் (சூட்டுல வெள்ளையா ஒளிர்ற வலை) தோண்டுனாங்க. கல்யாண வீட்டு பெட்ரோமாக்ஸ் மேண்டில்ல தோரியத்தோட 1 சதவீதம் சீரியம் உண்டு. அன்னைக்கும் சீரியம், இன்னைக்கும் சீரியம். டிஸ்ப்ரோசியத்துக்கோ எலக்ட்ரிக் கார் மோட்டார் காந்தம் வேற போட்டி, 2025 ஏப்ரல்ல சீனா ஏற்றுமதிக்கு கட்டுப்பாடும் போட்டாச்சு. அந்த லிஸ்ட்ல யாக்குக்கு வேண்டிய யிட்ரியமும் இருக்கு, அதையும் சொல்லிரணும்.

என் ஓட்டு மூணாவது ஆளுக்கு: அதே யாக் பொடிய சிலிக்கோனுக்கு பதிலா சீக்கிரம் உருகுற கண்ணாடித் தூளோட கலந்து 600, 700 டிகிரில சுட்டு வில்லையாக்குறது. சூடு கூடிப்போனா கண்ணாடியே பொடிய தின்னு நிறம் மங்கும், குமிழி நின்னா வெளிச்சம் செதறும், அத பக்குவமா செய்ய ஆளு வேணும். லேசர் விளக்கு, பெரிய பவர் லைட்டுக்கெல்லாம் சரியான ஜோடி. வீட்டு 9 வாட் பல்புக்கு சிலிக்கோன் தாராளம், அதுல பாதிநேரம் டிரைவர்தான் (சிப்புக்கு கரண்ட சீரா குடுக்குற சர்க்யூட்) மொதல்ல சாகும்.

மாமாவுக்கு இதெல்லாம் வெளக்குனா "கடையில கெடைக்குமா அது?"ன்னாங்க. நம்ம பக்கத்துக் கடைல இல்ல. புது சிப் போட்டு, ஹீட் சிங்க் (சூட்ட வெளியேத்துற உலோகத் தகடு) மேல படிஞ்ச உப்ப சொரண்டிட்டு, 50 வாட்ட 30ல ஓட விட்டேன். வெளிச்சம் கம்மியாயிட்டுன்னு ஒரே பொலம்பல்.