விமான நிலையக் கூரை: தாலா, ஜாயிஸ்டா?

1960-ல் கரோல் புயல் வீடுகளைப் பிய்த்துப் போட்டதிலிருந்து மொரீஷியஸ்காரர்களுக்குத் தட்டையான கான்கிரீட் கூரைதான் கூரை. கிரியோலில் அதற்குப் பெயர் தால். பருப்பு இல்லை! தால் போடும் நாளில் மச்சான், பக்கத்து வீட்டார் எல்லோரும் வந்து வாளி கைமாற்றுவார்கள், வேலை முடிந்ததும் விருந்து. அதனால்தான் பிளெசான்ஸ் விமான நிலையத்துக்கு வழியனுப்ப வந்த என் மாமா கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு, "இதையும் தாலாகவே போட்டிருக்கலாமே" என்றார்.

மாமா சொன்னதில் நியாயம் இருக்கிறது. 15 செ.மீ. தாலின் எடை சதுர மீட்டருக்குச் சுமார் 360 கிலோ. 1975-ல் ஜெர்வேஸ் புயலின் காற்று மணிக்கு 280 கி.மீ. வரை வீசியது. அந்த வேகத்தில் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 370 கிலோ. தன் எடையாலேயே தால் கிட்டத்தட்ட ஈடு கொடுத்துவிடுகிறது. ஸ்டீல் ஜாயிஸ்ட் என்பது மேலே ஒரு கம்பி, கீழே ஒரு கம்பி, நடுவே இணைப்புக் கம்பிகள் என்று செய்த லேசான எஃகு உத்தரம். அதைக் கொண்டு போடும் கூரையோ, மேலே போடும் தகட்டோடு சேர்த்தாலும் அதில் சிறு பங்கு எடைதான். காற்று கூரையை மேலே உறிஞ்சும்போது, வழக்கமாக இழுவிசை தாங்கும் கீழ்க் கம்பி அமுக்கத்துக்கு மாறி, பக்கவாட்டில் நெளியப் பார்க்கும். குறுக்குப் பிடிமானமும் இரு முனையிலும் நல்ல நங்கூரமும் இல்லாவிட்டால் கதை முடிந்தது.

சரி, அப்படியென்றால் தாலே போதுமா? வீட்டில் நாலைந்து மீட்டருக்கு ஒரு சுவர் வரும். பயணிகள் கூடத்தில் அப்படித் தூண் நட்டால் தள்ளுவண்டியை எங்கே உருட்டுவது? தூண் இல்லாத 20, 30 மீட்டர் கூடத்தில் கான்கிரீட் தன் எடையைச் சுமக்கவே பாதி பலத்தைச் செலவழித்துவிடும். பாரிஸ் சார்ல் த கோல் 2E முனையத்தின் கான்கிரீட் கூடு 2004-ல் இடிந்து நாலு பேர் இறந்தார்கள். திரும்பக் கட்டும்போது அந்த இடத்தில் எஃகும் கண்ணாடியும்தான் வந்தன.

ஜாயிஸ்டில் எனக்குப் பிடித்தது அதன் வயிறு. மேல் கம்பிக்கும் கீழ்க் கம்பிக்கும் நடுவே வளைந்து வளைந்து ஓடும் கம்பிகள், மற்றதெல்லாம் வெற்றிடம். பெட்டி பிரிக்கும் கூடத்தில் ஏசி குழாய், கேபிள், தீயணைப்புத் தண்ணீர்க் குழாய் எல்லாம் அதற்குள்ளேயே போய்விடும், உத்தரத்துக்குக் கீழே தனி உயரம் ஒதுக்க வேண்டாம். எந்த நீளத்துக்கு எந்த ஜாயிஸ்ட் என்று அட்டவணையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். கே வரிசை என்ற அமெரிக்க ஜாயிஸ்ட் வகை 60 அடி வரை போகிறது. அவ்வளவு நீளமானது 40 அடி கன்டெய்னரில் வருவதானால் இரண்டு துண்டாக வந்து, இங்கே போல்ட் போட்டு இணைக்க வேண்டும்.

குறைகளும் உண்டு. பிளெசான்ஸில் கடற்காற்று பக்கத்திலேயே. ஜாயிஸ்டின் மேல், கீழ்க் கம்பிகளாக வரும் இரட்டைக் கோண இரும்புகளின் இடுக்கில் உப்பு உட்கார்ந்தால் தூரிகை அங்கே எட்டாது. மெல்லிய கம்பி தீயிலும் சீக்கிரம் சூடேறும். உருண்டைக் குழாய்களை முக்கோணம் முக்கோணமாக இணைத்துச் செய்த பெரிய உத்தரமான டிரஸ் விலை அதிகம், ஆனால் பூசுவது எளிது, அண்ணாந்து பார்க்கவும் அழகு.

என் கையில் விட்டால் பயணிகள் கூடத்துக்குக் குழாய் டிரஸ். பெட்டி பிரிக்கும் இடத்துக்கும் சரக்குக் கொட்டகைக்கும் துத்தநாகத்தில் முக்கியெடுத்த ஜாயிஸ்ட். புயலிலும் நிற்காமல் ஓட வேண்டிய ஜெனரேட்டர் அறைக்கு மட்டும் தால். அந்த ஒரு அறையாவது கிடைத்ததே என்று மாமா சமாதானமாகிவிட்டார். வாளி தூக்கக் கூப்பிடுவார்களா என்றுதான் கேட்டார்.