மழைக்கு எந்த டயர்: ஸ்போர்ட்டா, டூரிங்கா, பட்டனா?

டயரைக் கையில் எடுத்ததும் பலரும் முதலில் பள்ளங்களைத்தான் எண்ணுகிறார்கள். கோடு நிறைய இருந்தால் மழைக்கு நல்லது, வழவழப்பாக இருந்தால் ஆகாது என்று ஒரு கணக்கு. கார் டயருக்கு அது ஓரளவு பொருந்தும். பைக் டயர் வேறு ரகம். அதன் முகம் வளைந்தது. தரையைத் தொடும் இடம் உள்ளங்கை அளவு இருந்தாலே அதிகம். படகின் அடிப்பாகம் போல அதுவே தண்ணீரை இருபுறமும் ஒதுக்கிவிடும். அதனால் சாதாரண வேகத்தில் பைக் வழுக்குவது பெரும்பாலும் தண்ணீரில் மிதப்பதால் அல்ல, சாலையின் சொரசொரப்பை ரப்பரால் பிடிக்க முடியாமல் போவதால்தான். நீர்ப்படலத்துக்கு மேலே தலை நீட்டும் கல்மணிகளைச் சுற்றி ரப்பர் படிந்து கவ்வ வேண்டும். குளிர்ந்திருக்கும்போதும் இளகி நிற்கிற ரப்பரால்தான் அது முடியும்.

இந்த இடத்தில்தான் ஸ்போர்ட் டயர் தோற்கிறது. ரேஸ் டிராக்கைக் குறிவைத்துச் செய்யும் காம்பவுண்ட், அதாவது ரப்பர் கலவை, சூடேறினால்தான் வேலை செய்யும். மழையோ சூட்டை ஏற விடாது, சக்கரம் சுற்றச் சுற்றத் தண்ணீர் வெப்பத்தை வாங்கிக்கொண்டே போகும். வெயிலில் பசை போல ஒட்டிய அதே டயர் மழையில் விறைத்துப்போகும். அதன் ஓரங்கள் மொழுக்கென்று இருப்பதைக் காட்டித்தான் பலர் பயப்படுவார்கள். அந்த ஓரம் தரையில் படும் அளவுக்கு மழையில் யார் சாய்க்கப் போகிறார்கள்? குறை ஓரத்தில் இல்லை, காம்பவுண்டில் இருக்கிறது.

நெடுந்தூரப் பயணத்துக்கான டூரிங் டயரின் ரப்பரில் சிலிக்கா என்ற தூளைக் கூடுதலாகச் சேர்க்கிறார்கள். கார்பன் பிளாக் என்ற கரித்தூள் மட்டும் கலந்த ரப்பரைவிட இது குறைந்த வெப்பத்திலும் நெகிழ்வாக இருக்கும். நடுவில் தேய்மானம் தாங்கும் கெட்டியான ரப்பர், பக்கங்களில் மென்மையானது என்று இரண்டு காம்பவுண்ட் வைப்பதும் இந்த வகையில் சகஜம். 2011-இல் வந்த மிஷலின் பைலட் ரோடு 3 டயரில் மயிரிழை போன்ற மெல்லிய வெட்டுகளைக் கொண்டுவந்தார்கள். அந்த வெட்டுகளின் விளிம்புகள் நீர்ப்படலத்தைக் கீறி உடைக்கும். 2018-இல் வந்த ரோடு 5-இல், தேயத் தேய உள்ளே அகலும்படி அந்த வெட்டுகளை அமைத்தார்கள். பாதி ஆயுள் போன பிறகும் மழையில் கைகொடுக்க வேண்டும் என்பது நோக்கம். தினமும் நனைந்துகொண்டே ஓட்டுகிறவர்களுக்கு என் ஓட்டு டூரிங் டயருக்குத்தான், யோசிக்கவே வேண்டாம்.

தனித்தனி ரப்பர் கட்டைகள் துருத்தி நிற்கும் பட்டன் டயர் பார்க்க முரட்டுத்தனமாக இருக்கும், மழையைப் பிய்த்து எறியும் என்று தோன்றும். சேற்றில் அது உண்மைதான், வேறெதுவும் பக்கத்தில் நிற்க முடியாது. நனைந்த தார்ச்சாலையில் கதை வேறு. பட்டன்களுக்கு நடுவே உள்ள இடைவெளி சாலையைத் தொடுவதில்லை, ஆக உள்ளங்கை அளவிலும் பாதிதான் மிச்சம். பிரேக் பிடித்தால் பட்டன்கள் வேறு வளைந்து கொடுக்கும். மண்பாதை கொஞ்சம், தார் நிறைய என்றால் முழுப் பட்டன் வேண்டாம், நெருக்கமான கட்டைகள் கொண்ட இரட்டைப் பயன்பாட்டு டயர் போதும்.

சரி, காற்றைக் குறைக்கலாமா? குறைத்தால் டயர் விரிந்து பிடிப்பு கூடும் என்று ஒரு கட்சி, கம்பெனி சொன்ன அளவே போதும் என்று இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சி. விமான டயர்களை வைத்து 1960-களில் நாசா கண்டறிந்த ஒரு எளிய கணக்கு உண்டு. காற்றழுத்தத்தை பிஎஸ்ஐ-யில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை ஏறக்குறைய 16.7-ஆல் பெருக்கினால் டயர் நீரில் மிதக்கத் தொடங்கும் வேகம் மணிக்குக் கிலோமீட்டரில் கிடைக்கும். 36 பிஎஸ்ஐ என்றால் சுமார் 100, 25 பிஎஸ்ஐ என்றால் 83. வளைந்த முகம் இருப்பதால் பைக் இதைவிடக் கொஞ்சம் கூடத் தாங்கும், ஆனால் போக்கு அதேதான். காற்றைக் குறைத்தால் மிதக்கும் வேகமும் குறைகிறது. பள்ளங்கள் நசுங்கித் தண்ணீர் போக வழியும் அடைபடும், ஹேண்டிலும் மந்தமாகும்.

அகல டயர், ஒல்லி டயர் சண்டையில் மழைக்கு ஒல்லிதான். நீரைக் கிழிப்பது எளிது, அதே வளைவுக்குச் சாய்வும் சற்றுக் குறைவு.

சாய்வு என்றதும் ஒரு கணக்கு. 50 மீட்டர் ஆரமுள்ள வளைவை 60 கிலோமீட்டர் வேகத்தில் எடுத்தால் பைக் ஏறக்குறைய 30 பாகை சாய வேண்டும். 40-இல் எடுத்தால் 14 பாகைதான். வேகம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, டயரிடம் கேட்கும் பக்கவாட்டுப் பிடிப்போ பாதிக்கும் கீழே போய்விட்டது. எந்தக் கடையில் எந்த டயர் வாங்கினாலும் இவ்வளவு லாபம் வராது!

ஏபிஎஸ் இருந்தால் டயர் எப்படி இருந்தாலும் பரவாயில்லையா? 1988-இல் பிஎம்டபிள்யூ கே100 பைக்கில் தொடங்கிய சமாச்சாரம் இது, நேர்சாலையில் பதறிப் பிடிக்கும் பிரேக்குக்கு இதைவிட நல்ல காவல் இல்லை. ஆனால் ஏபிஎஸ் சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும், இல்லாத பிடிப்பை உண்டாக்காது. மொட்டை டயரோடு சேர்ந்தால் நிற்கும் தூரம் நீண்டுகொண்டே போகும். வளைவில் சாதாரண ஏபிஎஸ்ஸுக்குப் பைக் சாய்ந்திருப்பதே தெரியாது, அதை அறியும் வகை பின்னால்தான் வந்தது. நேர்சாலைக்கு ஏபிஎஸ், வளைவுக்கு நல்ல டயர், இரண்டில் ஒன்றுதான் என்றால் நான் டயரை எடுப்பேன். வெள்ளைக் கோட்டிலும் இரும்பு மூடியிலும் மட்டும் இரண்டுமே பெரிதாக உதவாது. பைக்கை நிமிர்த்தி, பிரேக்கைத் தொடாமல் கடந்துவிடுவதுதான் வழி.

ஒரு டயருக்குத்தான் காசு இருக்கிறது, முன்னும் பின்னும் ஒரே அளவு தேய்ந்திருக்கிறது என்றால் முன் டயரை மாற்றுங்கள். நேர்சாலையில் அது ஒதுக்கிய தடத்தில்தான் பின் டயர் வருகிறது. பின்பக்கம் சற்று வழுக்கினால் பெரும்பாலும் சமாளிக்கலாம், முன்பக்கம் போனால் அநேகமாகக் கீழேதான்.

அப்புறம், வாங்கும்போது டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் படியுங்கள். 3521 என்றால் 2021-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரம் செய்தது. சும்மா கிடந்தாலும் ரப்பர் வருடக்கணக்கில் இறுகும். பள்ளமெல்லாம் முழுசாக இருக்கும், நகத்தால் அழுத்தினால் பலகை போல இருக்கும். மழையில் அதைவிட, பாதி தேய்ந்திருந்தாலும் அண்மையில் செய்த டயரே மேல்.