ஒரு சாண் ஆழத்துக் காசுக்கு எந்த டிடெக்டர்?

மெட்டல் டிடெக்டர் வாங்க நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "அண்ணே, இது எத்தனை அடி போகும்?" பழைய பத்துக் காசு அளவுள்ள ஒரு நாணயத்துக்கு, மலேசியாவின் பேராக் மாநிலத்தில் எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்ட மண்ணில், ஒரு சாண். கருவியும் மண்ணும் ஒத்துழைத்தால் அதற்கு மேல் இரண்டு விரற்கடை. அடிக்கணக்கில் பேசுகிறவர் பெரும்பாலும் விற்கிறவராகத்தான் இருப்பார்.

இதற்குக் காரணம் எளியது. கருவியின் அடியில் தட்டு மாதிரி இருக்கும் கம்பிச் சுருளிலிருந்து கிளம்பும் காந்தப்புலம் மண்ணுக்குள் போகப் போகத் தேய்கிறது. காசைத் தொட்டுத் திரும்பி வரும் சிக்னலும் அதே வழியில் தேய்கிறது. போகிற வழி, வருகிற வழி இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், ஆழம் இரட்டிக்கும்போது சிக்னல் ஏறக்குறைய 64இல் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். அதனால் கருவியின் சக்தியை இரண்டு மடங்காக்கினாலும் கூடுதலாகக் கிடைப்பது ஓரிரு விரல் ஆழம்தான். பெட்டியில் அச்சிட்டிருக்கும் ஆழம் பல நேரம் காசைக் காற்றில் பிடித்து ஆட்டிப் பார்த்து எடுத்த அளவு. காற்றில் இரும்புச் சத்து கிடையாது, நம் செம்மண்ணில் உண்டு.

அந்தச் செம்மண்தான் இங்கே பெரிய பிரச்சினை. சரளை கலந்த இந்த மண்ணில் இரும்பு ஆக்சைடுகள் நிறைய. அவற்றுள் காந்தத் தன்மை கூடியவை, காசே இல்லாத இடத்திலும் கருவிக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும். ஈய லம்பத்து (பழைய ஈயச் சுரங்கம்) பக்கம் போனால் வேறு தொல்லை: அலசி ஒதுக்கிய மணலில் இரும்பு கலந்த கருமணல் பட்டை பட்டையாகக் கிடக்கும். நான் முதலில் வைத்திருந்தது மண் சமன் செய்யும் வசதியே, அதாவது மண் தரும் பதிலைக் கழித்துவிடும் வசதியே, இல்லாத ஒற்றை அலைவரிசைக் கருவி. பெயர் வேண்டாம். வீட்டுப் புல்தரையில் சமர்த்தாக இருந்தது, தோட்டத்துக்குக் கொண்டுபோனதும் ஓயாமல் கத்தியது. கத்தலை அடக்க உணர்திறனைக் குறைத்தால் நாலு விரல் ஆழத்தோடு நின்றுவிடும்.

இப்போது கையில் இருப்பது நோக்டா லெஜண்ட். துருக்கிக் கருவி, 2022இல் வந்தது. ஒரே நேரத்தில் பல அலைவரிசைகளை அனுப்புகிற வகை. மைன்லேப் ஈக்வினாக்ஸ் 2018இல் இந்த முறையை நடுத்தர விலைக்கு இறக்கிய பிறகு மற்றவர்களும் தொடர்ந்தார்கள். தாழ்ந்த அலைவரிசை வெள்ளி, செம்பு போன்றவற்றை ஆழத்தில் பிடிக்கும். உயர்ந்தது மெல்லிய, சிறிய பொருளைப் பிடிக்கும். இரண்டையும் ஒப்பிட்டு மண்ணின் குரலைக் கழிக்க முடிவதுதான் எனக்கு உதவியது. புதிய இடத்துக்குப் போனதும் சுத்தமான ஒரு துண்டு நிலத்தில் சுருளை மேலும் கீழும் ஆட்டி மண்ணைச் சமன் செய்துவிடுவேன். மண்ணின் நிறம் மாறினால் மறுபடியும் செய்வேன். இதற்குச் சோம்பல்படுகிறவர்கள் எத்தனை ஆயிரம் ரிங்கிட் கொடுத்து எதை வாங்கினாலும் ஒன்றுதான்.

சரி, சுருள். கூட வரும் 28 செண்டிமீட்டர் டபுள்-டி (D வடிவச் சுற்று இரண்டு உள்ள) சுருளைவிடப் பெரியதை வாங்கினால் ஆழம் கூடும் என்று பலர் சொல்வார்கள். திறந்த திடலில், குப்பை இல்லாத இடத்தில், உண்மைதான். பழைய லயங்கள் (தொழிலாளர் வரிசை வீடுகள்) இருந்த இடத்தில் அது உதவாது. அங்கே ஒவ்வொரு அடிக்கும் ஆணி, தகரக் கூரைத் துண்டு, பால் வழியக் கித்தா (ரப்பர்) மரத்தில் அடித்த தகடு, பால் பிடிக்கும் மங்கைத் தாங்கிய கம்பி. பெரிய சுருளின் கீழ் ஐந்தாறு இரும்பு ஒரே நேரத்தில் வந்துவிடும், நடுவில் உள்ள வெள்ளிக் காசு வாயே திறக்காது. லயத்து மண்ணில் 15 செண்டிமீட்டர் சின்னச் சுருள்தான் எனக்குச் சோறு போடுகிறது. கணக்குப்படி அதன் ஆழம் குறைவு. ஆனால் அது இரண்டு ஆணிகளுக்கு இடையே புகுந்து பார்க்கும். மற்றவர்கள் பெரிய சுருளோடு அலசிவிட்டுப் போன இடத்தில், அவர்கள் காதுக்கு எட்டாத காசை இதுதான் எடுத்துத் தந்தது.

கீழே இருப்பது என்ன உலோகம் என்று காட்டத் திரையில் வரும் எண்ணை நம்புவது பற்றி ஒன்று. ஆழம் கூடக் கூட எண் தடுமாறும், இரும்புப் பக்கம் சரியும். ஓர விளிம்பில் செங்குத்தாக நிற்கும் காசு இன்னும் மோசம், சிக்னல் இன்னும் தேயும். அதனால் ஆழத்துச் சிக்னலை நான் காதால்தான் எடை போடுகிறேன். ஒரு பக்கம் வீசும்போது இனிமையாக, மெலிதாக ஒலித்து, தொண்ணூறு டிகிரி திரும்பி நின்று வீசும்போதும் அதே இடத்தில் ஒலித்தால் தோண்டுவேன். ஒரு பக்கம் மட்டும் ஒலித்தால் பெரும்பாலும் வளைந்த ஆணி.

நம் காசுகளுக்கென்றே சில குணங்கள் உண்டு. 1919இல் வந்து 1961 வரை அச்சான சதுர ஒரு காசு நாணயம் வெண்கலம், கணீரென்று வரும். மலாயா பத்துக் காசு 1939, 1941 ஆண்டுகளில் 75 விழுக்காடு வெள்ளி, 1943, 1945இல் பாதி வெள்ளி, 1948இலிருந்து வெள்ளியே கிடையாது, செம்பும் நிக்கலும்தான். அந்த நிக்கல் காசுகள் விழும் எண்ணில்தான் டின் பானத்தின் மூடி வளையமும் வந்து உட்காரும். வளையம் வேண்டாமென்று அந்த எண்களை அடைத்தால் காசும் போகும், தங்க மோதிரமும் போகும். 1973க்குப் பிறகு வந்த ஒரு காசு நாணயம், எஃகின் மேல் செம்பு பூசியது. அது கருவியைக் குழப்பிவிட்டுத் துருப்பிடித்த வட்டமாக வெளியே வரும். எரிச்சல்.

அப்புறம் தோட்டா. 1948 ஜூன் 16இல் இதே சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார்கள் கொல்லப்பட்ட பிறகுதான், மலாயாவில் கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அந்தக் காலத்துப் பித்தளைத் தோட்டா உறைகள் நல்ல காசு போலவே ஒலிக்கும். காலி உறை என்றால் பரவாயில்லை. முனையோடு இருப்பது, கனமான உருளை, கைக்குண்டு மாதிரி ஏதாவது தெரிந்தால் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் போலீசுக்குச் சொல்லுங்கள்.

எந்தக் கருவியையும்விட ஆழம் போவது பழைய ஆட்களின் ஞாபகம். ஓய்வுபெற்ற தண்டல் (தோட்ட மேற்பார்வையாளர்) ஒருவரிடம் கள்ளுக்கடை எங்கே இருந்தது என்று கேட்டேன். "கள்ளுக்கடைய விடு தம்பி. சம்பளத்தன்னிக்கி ஆபீஸ் முன்னால வரிசையா நிப்போம், கடன்காரனுங்க எதிர்ல அந்த மரத்தடியில நிப்பானுங்க. காசு கை மாறுனது அங்கதான்" என்றார். மரம் போய்விட்டது, இப்போது செம்பனை. மறுநடவுக்குப் புல்டோசர் புரட்டிய மண்ணில் ஆழத்துக்குக் கணக்கே கிடையாது. பழையது மேலே இருக்கும், நேற்றைய குப்பை கீழே இருக்கும். ஆனாலும் அவர் காட்டிய ஓரம் புரட்டப்படாமல் தப்பியிருந்தது. சதுரக் காசுகள் அங்கேதான் வந்தன, எல்லாம் ஒரு சாணுக்குள்.

மழை பெய்த மறுநாள் போவது நல்லது. ஈரத்தில் சிக்னல் தெளிவாக இருப்பது என் அனுபவம், தோண்டுவதும் சுலபம். பன்றிக்குப் போட்ட மின்வேலி அருகில் இருந்தால் கருவி டிக் டிக்கென்று துடிக்கும். அலைவரிசையை மாற்றிப் பார்க்கலாம், அடங்காவிட்டால் தள்ளிப் போகத்தான் வேண்டும்.

இரண்டு பெட்டி மாட்டிய பெரிய கருவிகளைக் காசுக்காக வாங்காதீர்கள். அவை பானை, பெட்டி அளவுள்ளதற்கு மட்டும், ஒற்றைக் காசு அவற்றுக்குத் தெரியவே தெரியாது. ஜப்பான்காரன் புதைத்த தங்கம் என்று சொல்லிக்கொண்டு ஆண்டெனாக் கம்பி இரண்டை விற்கிறவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள். காந்தப்புலத்தைத் துடிப்புத் துடிப்பாக அனுப்பும் பல்ஸ் வகைக் கருவி செம்மண்ணை நன்றாகத் தாங்கும், ஆழமும் போகும். ஆனால் இரும்பை ஒதுக்கத் தெரியாததால் லயத்து மண்ணில் நாள் முழுக்க ஆணி எடுத்துக்கொண்டிருப்பீர்கள்.

தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்காமல் இறங்காதீர்கள். கோவில் வளாகம், இடுகாடு இரண்டும் என் கணக்கில் கிடையாது. 2005ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டப்படி, மரபு மதிப்புள்ள பொருள் கிடைத்ததாகத் தெரிந்தால் மரபுடைமை ஆணையருக்கோ மாவட்ட அதிகாரிக்கோ தெரிவிக்க வேண்டும். குழியை மூடுவதைச் சட்டம் சொல்லித் தெரிய வேண்டாம், மாடு கால் ஒடித்துக்கொள்ளும்.

பட்ஜெட் குறைவு என்றால் நோக்டா சிம்ப்ளெக்ஸ் போதும். ஒற்றை அலைவரிசைதான், 12 கிலோஹெர்ட்ஸ், ஆனால் மண் சமன் செய்யும் வசதி உண்டு, மழைக்கும் அஞ்சாது. மிச்சப் பணத்தில் பெரிய சுருள் வாங்காமல் குழிக்குள் காசு இருக்கும் இடத்தைக் காட்டும், கையில் பிடிக்கும் பின்பாயிண்டர் ஒன்று வாங்குங்கள். நான் வைத்திருப்பது காரெட்டின் ஆரஞ்சு நிறத்தது. மண்ணும் காசும் ஒரே நிறமாக இருக்கும் குழியில் அது மிச்சப்படுத்தும் நேரத்துக்கு அளவில்லை.

கிடைத்த காசை வீட்டில் யாரிடமும் கொடுக்காதீர்கள், புளி போட்டுத் தேய்த்துவிடுவார்கள். பளபளப்பாகத்தான் இருக்கும், சேகரிப்பவர் மட்டும் பாதி விலைதான் தருவார். தண்ணீரில் ஊறவைத்து, மண் தானாக விட்டதும் துணியில் ஒற்றி எடுங்கள்.